தலைக்குப் பத்து சவரன்: ரோப் முதல் மெல்போர்ன் வரை

ஞாயிறு: கூரோங், ரோப்

மெல்போர்னில் குடியிருப்பவன் அடிலெய்டுக்கு விமானம் ஏறிப் போய், அங்கே வாடகைக் கார் எடுத்து, திரும்ப மெல்போர்னுக்கே ஓட்டிக்கொண்டு வருவானா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் பார்க்கப் போகிற விஷயம் அந்தத் திசையில்தான் நடந்தது, அதுவும் முழுக்கக் கால்நடையாக. 1850களில் தங்கம் தேடி வந்த சீனர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவில் ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் இறங்கி, எல்லை தாண்டி விக்டோரியாவின் தங்க வயல்களுக்கு நடந்த வழி. துணைக்கு மைத்துனன் வருகிறான். பெட்ரோல் அவன் செலவு, சாப்பாடு என் செலவு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த பதிவுகள் புரியாது. 1848-ல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்தது, தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்திலிருந்து ஆட்கள் கப்பல் ஏறினார்கள், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தங்க மலை என்று பெயர் வைத்தார்கள். 1851-ல் விக்டோரியாவில் கிடைத்ததும் இது புதிய தங்க மலை ஆயிற்று. ஊரில் இருக்க முடியாத நிலைமை: அபினிப் போரில் அடி வாங்கிய தேசம், தைப்பிங் கலகம், அது போதாதென்று குவாங்டாங்கிலேயே உள்ளூர்க்காரர்களுக்கும் ஹக்கா மக்களுக்கும் இடையே வருடக்கணக்கில் வெட்டுக்குத்து. பக்கத்தில் ஹாங்காங், அங்கே பிரிட்டிஷ் கப்பல்கள். ஆட்கள் குவிவதைப் பார்த்த விக்டோரியா அரசு 1855-ல் ஒரு சட்டம் போட்டது. கப்பலின் கொள்ளளவில் பத்து டன்னுக்கு ஒரு சீனர்தான் வரலாம். வருகிற ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுண்டு வரி. பத்துப் பவுண்டு என்றால் அன்றைக்குப் பத்து சவரன் தங்கக் காசு. இன்றைய விலைக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கப்பல் கேப்டன்கள் என்ன செய்வார்கள்? பக்கத்திலிருந்த இன்னொரு பிரிட்டிஷ் காலனியில் கொண்டுபோய் இறக்கினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது அந்த வரி கிடையாது.

முதலில் அடிலெய்டில்தான் இறங்கி நடந்திருக்கிறார்கள். அந்தச் சாலையில், கூரோங் உப்பு ஏரிகள் ஓரமாக, சைனாமென்ஸ் வெல் என்று ஒரு கிணறு இருக்கிறது. வெட்டிய சுண்ணாம்புக்கல்லை வட்டமாக அடுக்கிக் கட்டியது. அந்த வழியாக நடந்த சீனர்கள் கட்டியதாகச் சொல்கிறார்கள். சுற்றிலும் புதரும் மணலும்தான், எட்டிய தூரம் வரை ஒரு வீடு கிடையாது. இந்த உப்புக்காட்டில் நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் மைத்துனன் திரும்பத் திரும்பக் கேட்டான். பெலிக்கன்கள் நிறைய இருந்தன. காற்று ஆளைத் தள்ளுகிறது.

ரோப் இப்போது விடுமுறை ஊர். ஐஸ்கிரீம் கடை, சிங்கி இறால், கடலைப் பார்த்த வீடுகள். கரையோரப் புல்வெளியில் சீனர்களுக்கான நினைவுக்கல் நிற்கிறது. 1856 முதல் 1858 வரை இங்கே இறங்கி, 200 மைல் நடந்து பல்லாரட்டுக்கும் பெண்டிகோவுக்கும் போனவர்கள் 16,500 பேர் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்தில் அண்மையில் கட்டிய சீன அலங்கார வளைவு. அன்றைக்கு ரோப்பின் மக்கள்தொகையே சில நூறுதான். 1857 ஜனவரியில் 'லேண்ட் ஆஃப் கேக்ஸ்' என்ற கப்பல் ஒன்றே 264 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. அந்த வருடம் அப்படி வரிசையாகக் கப்பல்கள் வந்தபடி இருந்தன.

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சட்டம் சீனர்களைத் தடுக்கவில்லை. விக்டோரியாவுக்கு வர வேண்டிய அந்தப் பத்து சவரன் வேறு பல கைகளுக்குப் போனது, அவ்வளவுதான். கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரப் படகுக்காரனுக்குக் கூலி. கொண்டுவந்த அபினிக்குச் சுங்கம். வழிகாட்டிக்குத் தனி, மூட்டை ஏற்றும் மாட்டு வண்டிக்குத் தனி. ரோப் வியாபாரிகளுக்கு அது பொற்காலம்.

மாலையில் ஊருக்கு வெளியே பாறை முனையில் இருக்கும் சிவப்பு வெள்ளைக் கம்பத்தைப் பார்க்கப் போனோம். 1855-ல் கட்டியது, கப்பல்களுக்கு அடையாளம். அதையும் மீறி அந்த 1857-ல் சில கப்பல்கள் இந்த விரிகுடாவில் உடைந்தன. ஒரு டச்சுக் கப்பல் சீனர்களை எல்லாம் பத்திரமாக இறக்கிவிட்டு நங்கூரமிட்டு நின்றபோது புயலில் கரையில் மோதி மாலுமிகள் 16 பேர் செத்தார்கள். பாறை அரித்துக்கொண்டே வருவதால் கம்பத்துக்குப் பக்கத்தில் போக விடுவதில்லை, வேலி போட்டிருக்கிறார்கள்.

திங்கள்: பெனோலா வழியாக அராரட்

நாள் முழுக்க வண்டிதான். ரோப்பிலிருந்து பெனோலா, அப்புறம் எல்லை, காஸ்டர்டன், கோல்ரெய்ன், ஹாமில்டன், டன்கெல்ட். பெனோலாவுக்குப் பக்கத்தில் மண் செக்கச்செவேலென்று இருக்கிறது, எல்லாம் திராட்சைத் தோட்டம். எல்லையில் ஒரு பலகை, ஒரு ஓய்விடம், அவ்வளவுதான். அதைத் தாண்டிவிட்டால் விக்டோரியா அரசுக்குத்தான் அன்றைக்குச் சிக்கல், ஏனென்றால் சட்டம் கடல் வழியாக வருகிறவர்களைத்தான் மனதில் வைத்திருந்தது, நடந்து வருகிறவன் கூட்டத்தில் கலந்துவிட்டால் பிடிப்பது கஷ்டம்.

வண்டியில் நான்கு மணி நேரத்துச் சொச்சம் ஆகிறது. அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. தோளில் காவடித் தண்டு, இரண்டு முனையிலும் கூடை, அதில் அரிசி, பாத்திரம், துணி, மண்வெட்டி. ஒற்றை வரிசையில் நூற்றுக்கணக்கான பேர். வழிகாட்டி என்று காசு வாங்கியவர்களில் சிலர் நடுவழியில், தங்க வயல் அதோ அந்த மலைக்கு அப்புறம்தான் என்று சொல்லி விட்டுவிட்டுத் திரும்பிய கதைகளும் உண்டு. முன்னால் போன கூட்டம் பின்னால் வருபவர்களுக்காக மரப்பட்டையில் அடையாளம் வைத்துவிட்டுப் போகும் என்கிறார்கள். நம்பக்கூடியதுதான்.

"மாமா, இவங்க கையில காசே இல்லாம எப்படிக் கப்பல் ஏறினாங்க?" என்று மைத்துனன் கேட்டான். நல்ல கேள்வி. பெரும்பாலோர் கடனில் வந்தவர்கள். கப்பல் கட்டணத்தை ஊர் வியாபாரியோ சங்கமோ முன்பணமாகக் கொடுக்கும், சம்பாதித்து வட்டியோடு அடைக்க வேண்டும், தவறினால் ஊரில் இருக்கும் குடும்பம் பதில் சொல்ல வேண்டும். மலேயாத் தோட்டங்களுக்கும் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும் போன நம் ஆட்கள் கங்காணியிடம் பட்ட கடனும் இதே காலத்துச் சங்கதிதான். ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே வந்தவன் துரைக்குக் கூலி வேலை செய்யவில்லை, தானே தோண்டித் தானே எடுத்துக்கொண்டான். அதுதான் வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இரவு அராரட்டில் தங்கினோம். விடுதியின் பெயரைச் சொல்லவில்லை. ஹீட்டர் வேலை செய்யவில்லை, கேட்டதற்கு இன்னொரு கம்பளி கொடுத்தார்கள்.

செவ்வாய்: அராரட், பல்லாரட்

1857 மே மாதம் ரோப்பிலிருந்து நடந்து வந்த சுமார் 700 பேர் கொண்ட கூட்டம் ஒன்று இங்கே நின்றது. தங்கியிருந்த இடத்தில் தண்ணீர் எடுக்கும்போதோ கழுவும்போதோ தங்கத்தைப் பார்த்துவிட்டார்கள் என்பது ஊர்க் கதை. எப்படிப் பார்த்தார்களோ, கிடைத்தது சாதாரணமாக இல்லை. கான்டன் லீட் என்று இன்றும் பெயர். மைல்கணக்கில் ஓடிய பழைய ஆற்றுப் படுகை, அதன் மணல் முழுக்கத் தங்கம். விஷயம் வெளியே தெரிந்ததும் எல்லா நாட்டுக்காரர்களும் வந்து குவிந்தார்கள், ஊர் உருவானது. ஆஸ்திரேலியாவில் சீனர்கள் தொடங்கிய ஒரே நகரம் என்று அராரட் இப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

கம் சான் என்ற அருங்காட்சியகம் 2001-ல் திறந்தது. தெற்குச் சீனப் பாணியில் வளைந்த கூரை. உள்ளே பாதி பொம்மைகளும் ஒலிபெருக்கிக் குரல்களும்தான், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றது. வெளியே தொட்டியில் தங்கம் அரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். தட்டில் ஒரு பிடி மண், தண்ணீரில் முக்கிச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். கல் போகும், பிறகு சரளை, பிறகு மணல், கடைசியில் கருமணல் ஒரு ஓரமாக ஒதுங்கும். அந்தக் கருப்பில்தான் தூள் தூளாக மின்னும். இடுப்பு ஒடிகிறது. பத்து நிமிடத்தில் மைத்துனன் எழுந்துவிட்டான்.

சீனர்கள் கெட்டிக்காரர்களாகப் பேர் வாங்கியது இந்த வேலையில்தான். மற்றவர்கள் தோண்டி அவசரமாக அலசிக் கொட்டிவிட்டுப் போன மண்ணை வாங்கியோ சும்மாவோ எடுத்து, மறுபடி பொறுமையாக அலசினார்கள். நம்மூர் நகைப்பட்டறைத் தெருக்களில் விடிகாலையில் சாக்கடை மண்ணை அள்ளிப்போய் அரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்களே, அதே கணக்கு. இதில் என்ன தப்பு என்று தோன்றும். தண்ணீரைக் கலக்கிவிடுகிறார்கள், பெண்களை அழைத்துவரவில்லை, எடுத்ததையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள் என்று புகார்மேல் புகார். 1861 கணக்கெடுப்பில் விக்டோரியாவில் சீனர்கள் சுமார் 24,700 பேர். பெண்கள் பத்துப் பேர்கூட இல்லை. வரி போட்டு, கடன் ஏற்றி, தனி முகாமில் அடைத்துவிட்டு, ஏன் குடும்பத்தோடு வரவில்லை என்று கேட்பது நல்ல வேடிக்கை.

பல்லாரட்டில் சாவரின் ஹில். 1850களின் தங்க ஊரை அப்படியே கட்டி வைத்திருக்கும் இடம், 1970-லிருந்து நடக்கிறது. சீன முகாமும் உண்டு: கூடாரங்கள், சின்னக் கோயில், அரசு நியமித்த 'பாதுகாவலர்' கூடாரம். இந்தப் பாதுகாவலர் பதவியும் 1855 சட்டத்தில் வந்ததுதான், முகாமில் ஒழுங்கு பார்ப்பதும் காசு வசூலிப்பதும் அவர் வேலை. நுழைவுக் கட்டணம் எனக்கு அதிகமாகப் பட்டது. ராஸ்பெரி மிட்டாய் நன்றாக இருந்தது.

புதன்: பெண்டிகோ

பல்லாரட்டிலிருந்து கில்ட்ஃபோர்ட், காசில்மெய்ன் வழியாக வந்தோம். கில்ட்ஃபோர்டில் ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்த சீன முகாம். இப்போது ஒரு கடை, ஒரு மதுக்கடை, பெரிய யூகலிப்டஸ் மரம்.

பெண்டிகோவில் 1854-லேயே, ஜூலை 4-ம் தேதி எல்லோரும் சேர்ந்து சீனர்களைத் துரத்திவிட வேண்டும் என்று டெனோவன் என்பவர் கூட்டம் போட்டார். போலீஸ் தலையிட்டுத் தடுத்தது. 1857-ல் அரசு இன்னொரு வரியும் போட்டது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கான குடியிருப்பு வரி. இதற்குச் சீனர்கள் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினார்கள், ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள், 1859-ல் கட்டமாட்டோம் என்று மறுத்துப் பலர் சிறைக்கும் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு நம் தமிழர்கள் மூன்று பவுண்டு தலைவரியை எதிர்த்துச் சிறைக்குப் போனதற்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது இது. சில வருடங்களில் இந்த வரிகள் எல்லாம் எடுக்கப்பட்டன. போராட்டமும் ஒரு காரணம், வருகிறவர்கள் குறைந்துவிட்டது இன்னொரு காரணம்.

இப்படி வரி கறந்த ஊரில் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1871-ல் பெண்டிகோவில் மருத்துவமனைக்கும் ஆதரவற்றோர் இல்லத்துக்கும் நிதி திரட்ட ஈஸ்டர் திருவிழா தொடங்கியது. சில வருடங்களிலேயே சீனர்களும் பட்டாடையும் மேளமுமாக ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள். அதற்காகச் சீனாவிலிருந்து வரவழைத்த டிராகன்தான் லூங்.  இப்போது 1991-ல் திறந்த கோல்டன் டிராகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுசாகத் தப்பிப் பிழைத்த அரச டிராகன்களில் உலகிலேயே மூத்தது என்கிறார்கள். பட்டு சாயம் போயிருக்கிறது, சின்னச் சின்னக் கண்ணாடிகள் மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கின்றன. தீய ஆவி தன் முகத்தையே பார்த்து ஓடிவிடுமாம். அதற்குப் பக்கத்தில் 1970-ல் வந்த சன் லூங், நூறு மீட்டருக்கு மேல் நீளம், சுருண்டு சுருண்டு கூடத்தையே சுற்றி வருகிறது. 2019-ல் அதுவும் ஓய்வு பெற்று, தாய் கம் லூங் பொறுப்பேற்றிருக்கிறது. ஊர்வலத்தில் தூக்குபவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு. இந்த வருட ஈஸ்டர் வீடியோவை ஒரு மூலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், மைத்துனன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

ஊர் ஓரத்தில் எமு பாயின்ட் கோயில். செங்கல் சுவருக்கு அழுத்தமான சிவப்பு வண்ணம், வாசலில் இரண்டு சிங்கங்கள், உள்ளே குவான் கோங் சாமி. போர் வீரராக இருந்து தெய்வமானவர். நம் ஊர்க் காவல் தெய்வங்கள் பல இப்படித்தான், அதனால் எனக்கு அந்நியமாகவே இல்லை. ஊதுபத்தி ஏற்றலாம், ஏற்றினேன்.

வியாழன்: பீச்வொர்த்

இலையுதிர் காலத்தில் பீச்வொர்த் அழகு, மரமெல்லாம் மஞ்சளும் சிவப்பும். சுற்றுலாக்காரர்கள் பேக்கரியில் வரிசை கட்டி நிற்கிறார்கள். நாங்கள் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம்.

சீனர் பகுதி தனியாக இருக்கிறது. சுமார் 2,000 பேரைப் புதைத்த இடம், ஆனால் கல் நிற்பது கொஞ்சம்தான். முழங்கால் உயரக் கற்கள், சீன எழுத்தில் பெயர், மாவட்டம், கிராமம். செத்தவன் எந்தக் கிராமம் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் சில வருடம் கழித்து எலும்பைத் தோண்டி எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். முன்னால் இரண்டு சிறு கோபுரங்கள், 1857-ல் கட்டியவை. காகிதப் பணமும் பிரார்த்தனைச் சீட்டும் எரிப்பதற்காக அவற்றில் வாய் வைத்திருக்கிறார்கள். நான் குனிந்து பார்த்தபோது உள்ளே கரி படிந்திருந்தது. நடுவில் படையல் மேடை. யாரோ நான்கு ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஒன்றை ஏதோ பறவை கொத்தியிருந்தது.

எலும்பு அனுப்புவதிலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிடவில்லை. 1902-ல் நியூசிலாந்திலிருந்து 499 சீனர்களின் உடல்களை ஏற்றிக்கொண்டு ஹாங்காங் கிளம்பிய வென்ட்னர் என்ற கப்பல் ஹோகியாங்கா அருகே மூழ்கிப்போனது. அங்கேயும் தங்கம் தேடிப் போனவர்கள்தான் பெரும்பாலோர்.

பீச்வொர்த்திலிருந்து மலைப்பக்கம் போனால் பக்லண்ட் பள்ளத்தாக்கு. 1857 ஜூலை 4, அதாவது ரோப்பில் கப்பல்கள் இறங்கிக்கொண்டிருந்த அதே குளிர்காலம். வெள்ளைச் சுரங்கக்காரர்கள் கூட்டமாகக் கிளம்பி, அங்கிருந்த சுமார் 2,000 சீனர்களை அடித்து விரட்டி, கூடாரங்களையும் கடைகளையும் புதிதாகக் கட்டிய கோயிலையும் கொளுத்தினார்கள். குறைந்தது மூன்று பேர் செத்தார்கள் என்பது அரசுக் கணக்கு. ஆற்றில் அடித்துக்கொண்டு போனவர்களை யார் எண்ணியது? பீச்வொர்த்திலிருந்து போலீஸோடு அங்கே விரைந்தவர் ராபர்ட் ஓ'ஹாரா பர்க். பிறகு கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கப் போய்ச் செத்து வீரரானாரே, அவரேதான். இந்த ஊர் அருங்காட்சியகத்துக்கே அவர் பெயர். கைதானவர்களில் பெரும்பாலோரை ஜூரிகள் விடுதலை செய்துவிட்டார்கள். நான்கு வருடம் கழித்து நியூ சவுத் வேல்ஸின் லாம்பிங் ஃப்ளாட்டில் இதுவே இன்னும் பெரிதாக நடந்தது.

மைத்துனன் அன்று மாலை அதிகம் பேசவில்லை. பசி என்று மட்டும் சொன்னான்.

வெள்ளி: மெல்போர்ன்

லிட்டில் போர்க் தெருவில் நூறு முறையாவது சாப்பிட்டிருப்பேன். அது 1850களிலிருந்து தொடர்ந்து இருக்கும் சீனர் தெரு என்று இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன். தங்க வயலுக்குப் போகும் வழியில் தங்கவும் சாமான் வாங்கவும் உருவானது. பணம் பார்த்தவர்கள் பெரும்பாலும் இங்கே கடை போட்டவர்கள்தான். வயலில் தோண்டியவனைவிட அவனுக்கு அரிசியும் தேயிலையும் விற்றவன் நன்றாக இருந்தான். லோ காங் மெங் அவர்களில் பெரிய ஆள். பினாங்கில் 1831-ல் பிறந்தவர், ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுவார், 1853-ல் மெல்போர்ன் வந்து சொந்தக் கப்பல்களே வைத்திருந்தார். 1879-ல் வேறு இரண்டு பேரோடு சேர்ந்து சீனர்களின் நியாயத்தை எடுத்துச் சொல்லி ஆங்கிலத்தில் சிறு நூலும் வெளியிட்டார். சுரங்கம் ஓய்ந்த பிறகு பலர் காய்கறித் தோட்டம் போட்டார்கள். விக்டோரியாவுக்குக் கீரையும் கோசும் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

தென் மெல்போர்னில் சீ யப் சங்கத்தின் கோயில் இருக்கிறது, 1866-ல் கட்டியது. சீ யப் என்பது குவாங்டாங்கின் நான்கு மாவட்டங்கள், இங்கே வந்தவர்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்து ஆட்கள். உள்ளே பக்கத்து மண்டபங்களில் செத்தவர்களின் பெயர்ப் பலகைகள் ஆயிரக்கணக்கில் சுவர் முழுக்க. சங்கம்தான் வந்தவனுக்குப் படுக்க இடம் கொடுத்தது, நோய் வந்தால் பார்த்தது, செத்தால் அடக்கம் செய்தது, கடன் பாக்கியையும் கவனித்துக்கொண்டது.

கடைசியாக நாடாளுமன்றப் படிக்கட்டு. 2017-ல் அந்தச் சீனர்களின் வழித்தோன்றல்கள் ரோப்பிலிருந்து இதே பாதையில் நடந்து வந்து இங்கே சேர்ந்தார்கள், அப்போதைய விக்டோரியா முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் மே 25 அன்று பத்துப் பவுண்டு வரிக்காகவும் மற்ற கொடுமைகளுக்காகவும் மன்னிப்புக் கேட்டார். நல்ல காரியம். 160 வருடம் கழித்துக் கேட்பதில் செலவு ஒன்றும் இல்லை என்றும் எனக்குப் படுகிறது. இடையில் 1901-ல் நாடு முழுமைக்கும் வந்த சட்டம் இன்னும் சாமர்த்தியமானது: வரி எல்லாம் வேண்டாம், ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் 50 சொல் சொல்லுவோம், பிழையில்லாமல் எழுது. வேண்டாதவனுக்கு அவனுக்குத் தெரியாத மொழியில் சொன்னால் முடிந்தது. இந்தியர்களுக்கும் சிலோன்காரர்களுக்கும் அதே கதவுதான். வெள்ளை ஆஸ்திரேலியாக் கொள்கை முழுசாகப் போனது 1973-ல். அதற்கு முன் நானும் மைத்துனனும் இந்தப் படியில் உட்கார்ந்து சான்ட்விச் தின்றிருக்க முடியாது.

இதே வழியில் போக நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். கூரோங்கில் பெட்ரோல் பங்க் குறைவு, டேங்க் நிரப்பிவிட்டுக் கிளம்புங்கள். டிராகனைத் தெருவில் பார்க்க வேண்டுமென்றால் ஈஸ்டருக்குப் போங்கள், பெண்டிகோவில் அறை மாதக்கணக்கில் முன்னாலேயே தீர்ந்துவிடும்.